ஏரிக்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்

1

இதை எழுதும்போது பிள்ளைகள் இருவரும் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் இந்த முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் தடவை மகள் திரும்பி, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்து இந்த செப்டெம்பருடன் நான்கு வருடம் நிறைகிறது. ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசி வரியாக ஒன்றை எழுதுகிறார்கள்: "உங்களுக்கென்ன, பயமில்லாமல் இருக்கிறீர்கள்." போன மாதம் வரை நானும் ஆமாம் என்றுதான் பதில் எழுதினேன். இனி அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கணக்கும் படிப்பித்தவன் நான். மனைவி புஷ்பம் உடப்புசல்லாவைப் பக்கம். தோட்டத்து மருந்தகத்தில் தாதியாக இருந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, ஏற்கெனவே இங்கே இருந்த அவளுடைய அண்ணன் எங்களை அழைத்துக்கொண்டார். இப்போது குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில், தோடம்பழ, அதாவது ஆரஞ்சுப்பழ, தோட்டங்கள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் பழம் பொதி செய்யும் கொட்டகையில் நல்லதையும் நசுங்கியதையும் பிரித்துப் போடுகிறேன். மகள் நிர்மலாவுக்குப் பத்து வயது. மகன் ரவிக்கு ஆறு.

2

எங்கள் கொட்டகையின் மேற்பார்வையாளர் கெவின். பெரிய உடம்பு, மெல்லிய குரல். பாடசாலை விடுமுறை வந்தபோது, தன் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குக் கூடாரம் அடிக்கப் போவதாகவும் எங்களையும் வரும்படியும் கூப்பிட்டார். எங்களுக்குக் கொடுக்க இன்னொரு கூடாரம் இருக்கிறதாம்.

இங்கே இது ஒரு பொழுதுபோக்கு. நல்ல சுவர் வைத்த வீட்டைப் பூட்டிவிட்டு, காசு கட்டி, துணிக்குள் போய்ப் படுக்கிறார்கள். எண்பத்து மூன்றில் எங்கள் வரிசை வீடுகள், அந்த லயம், எரிந்த பிறகு பல வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் படங்குத் துணியைக் கட்டி அதற்குக் கீழே கிடந்தவன் நான். அதற்குப் பிறகு துணிச் சுவருக்குள் படுக்க எனக்கு விருப்பமில்லை. எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பிள்ளைகள் ஆமாம் என்று குதித்துவிட்டார்கள்.

"போயிட்டு வருவோங்க," என்றாள் புஷ்பம். "அது ஒண்ணுதான் நம்மகிட்ட வாய் விட்டு கேக்குது."

அவள் சொன்னது நிர்மலாவை. இந்த நான்கு வருடத்தில் நிர்மலா எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தாள். பாடசாலையில் அவள் பெயர் நிக்கி. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பகல் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். கடைக்குப் போனால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, சத்தமாகத் தமிழ் பேச வேண்டாம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்பாள். ஊரைப் பற்றி நான் ஏதாவது ஞாபகப்படுத்தினால் தெரியாது என்று தோளைக் குலுக்குவாள். இவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பக்கம் கவலை. இன்னொரு பக்கம், அந்த ஆடி மாதமும் மறந்திருக்கும் என்ற நிம்மதி.

ஏரி உண்மையில் ஓர் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். நம் ஊர் நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தைப் போலத்தான், ஆனால் மலைக்குப் பதில் சுற்றிலும் வெயிலில் காய்ந்த மேடுகள். தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறம். மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள் தண்ணீருக்குள் அங்கங்கே நின்றன. வாசலில் ஒரு சின்ன அலுவலகம். அதிலிருந்த ரேஞ்சர், அதாவது அந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி, நரைத்த மீசைக்காரர், எங்கள் பெயர்களைப் பதிந்துகொண்டு விதிகள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார். மற்றவர்கள் அதை மடித்துப் பைக்குள் போட்டார்கள். நான் அங்கேயே நின்று முழுவதையும் வாசித்தேன். நெருப்பைப் பற்றி இருந்தது, நாயைப் பற்றி இருந்தது, மீனைப் பற்றி இருந்தது. இரவில் யாராவது வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. ரேஞ்சரிடம் கேட்டேன்.

யார் வருவார்கள், என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

கெவின் கூடாரத்தை அடித்துக் கொடுத்தார். நான் மண்வெட்டி வாங்கி அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டினேன். மூன்று மாதமாக இங்கே ஒரு துளி மழை இல்லை என்று அவர் சிரித்தார். பிறகு, தேயிலை மலைக்கு ஏறும்போது செய்வது போல, பிள்ளைகளின் காலில் சவர்க்காரம் தேய்க்கப் போனேன்.

"எதுக்குங்க?" என்றாள் புஷ்பம்.

"அட்டை."

"இந்தக் காஞ்ச மண்ணுல அட்டையா? அதுங்களுக்கும் விசா குடுத்து நீங்களே கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உண்டு." அவள் சிரித்ததைப் பார்த்து ரவியும் சிரித்தான். நிர்மலா, யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

3

அந்த ஆடி மாதத்தைப் பற்றி இங்கே யாரிடமும் நான் பேசியதில்லை. உங்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் சொல்லவேண்டும். அது தெரியாமல் ஏரிக்கரையில் நடந்தது விளங்காது.

எழுபத்தேழு கலவரத்தில், எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஒளிந்திருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல தமிழில், அன்பான குரலில். நம்பி வெளியே வந்தவர்கள் அடிபட்டார்கள். அதிலிருந்து எங்கள் லயத்தில் ஒரு பேச்சு வந்தது: கலவரம் என்றால் மலைக்கு ஓடித் தேயிலைக்குக் கீழே படுத்துவிட வேண்டும். சிலிப்பரைக் கழற்றி, வெள்ளை வார் தெரியாமல் குப்புறக் கவிழ்த்து, செடிக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். வெளிச்சத்தோடு வந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது.

அப்படியானால் ஆபத்து நீங்கியது எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். தமிழில் கூப்பிட்டால் வரலாமா?

எங்கள் லயத்தில் மாரியாயி என்று கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள். "பஜார்ல பாதிப் பேரு நம்மள விட நல்லா தமிழ் பேசுறான். பேரு சொல்லி எவன் வேணுன்னாலும் கூப்பிடலாங்க. கொழம்புல உப்பு இல்லேன்னு இருட்டுல வந்து சண்ட புடிக்கிறவன் எம்புருசன் ஒருத்தன்தான்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டது. தேடி வருகிற சொந்தக்காரர் விளக்கில்லாமல் வர வேண்டும். கூப்பிடக் கூடாது. சோறு, குழம்பு, விறகு, கடன்காரச் சித்தப்பா என்று வீட்டுப் பேச்சைப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டால்தான் வெளியே வர வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது போல இதை என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

ஆடிக் கலவரம் வந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து லொறி டிரைவர் வந்து, கும்பல் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சிங்களவர்தான், தன் உயிரைப் பற்றிக்கூட நினைக்காமல் வந்தார். நாங்கள் மலைக்கு ஓடினோம். மூடுபனியும் தூறலும். ரவி கைக்குழந்தை, புஷ்பத்தின் மார்பில். நிர்மலா என் வயிற்றுக்குக் கீழே. கொஞ்ச நேரத்தில் டோர்ச் வெளிச்சங்கள் வந்தன. ஒரு குரல் கூப்பிட்டது. பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த பியதாச. என் சைக்கிளுக்கு எத்தனையோ தடவை காற்றடித்துக் கொடுத்தவன். நிர்மலா அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு டொபி கொடுப்பான்.

"மாஸ்டர், நான்தான். இனிப் பயமில்ல, வாங்க. நிர்மலா, வாம்மா."

அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது. எங்களுக்குச் சற்றுத் தள்ளிப் படுத்திருந்த அந்தோனி, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறைக்காரர், பியதாசவின் சிநேகிதர், எழுந்து போனார். பிறகு நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கேட்டோம். நிர்மலாவும் கேட்டாள். அவள் கழுத்தில் ஓர் அட்டை ஊர்ந்து ஏறிக் கடித்து இரத்தம் குடித்துத் தானாக விழும் வரை அவள் அசையவில்லை.

அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது பிழை என்று நான் எவரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாங்கள் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

4

இரண்டாம் நாள் சாயங்காலம். கெவின் இரும்புத் தட்டில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். நிர்மலா ரவியைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் உள்ளே வளைந்து போகும் பக்கம், கூழைக்கடாப் பறவைகளைப் பார்க்கப் போயிருந்தாள். தெரியும் தூரம்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெங்காயம் வெட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

இங்கும் நம் ஊரைப் போல ஆறு மணி தாண்டினால் சட்டென்று இருட்டிவிடும். முதலில் நான் தனியாக ஓடினேன். கரையைச் சுற்றி மாடுகள் நடந்த தடங்கள் பல திசைக்கும் கிளை பிரிந்து போயின. எல்லாம் ஒன்று போலவே இருந்தன. பிறகு கெவினும் மற்றக் கூடாரத்துக்காரர்களும் வந்தார்கள். முன்பின் அறியாத மனிதர்கள், சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, டோர்ச் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரேஞ்சர் வாகனத்தில் வந்தார். அதன் தலையில் பெரிய விளக்கு. கையில் ஒலிபெருக்கி. பெயர் என்ன என்று கேட்டார். நிக்கி, ரவி என்று கெவின் சொன்னார். நிர்மலா என்றும் கூப்பிடுங்கள் என்றேன்.

அந்தப் பெயர்கள் தண்ணீரின் மேலே போய் எதிர்க்கரையில் முட்டித் திரும்பி வந்தன. பதில் இல்லை. இடையிடையே நிறுத்திக் காது கொடுத்தோம். தவளைச் சத்தம் மட்டும்.

ரேஞ்சர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். என்ன நிறச் சட்டை? நீந்தத் தெரியுமா? ரவிக்குத் தெரியாது என்றேன். கடைசியாக அவர்களைப் பார்த்தது எப்போது? ஏதாவது கோபத்தில் போனார்களா? வீட்டில் அடித்தீர்களா? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அன்று எனக்கு இல்லை, ஆம் என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. நிறத்தைக் கேட்டதற்கு மஞ்சள் என்று தமிழில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரேடியோவில் பொலிஸைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் ஒருவர் கத்தினார். தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் சிலிப்பர் கிடைத்திருக்கிறது.

எல்லோருடைய குரலும் மாறியது. கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். சிலர் வெளிச்சத்தைப் புதர்ப் பக்கமிருந்து தண்ணீர்ப் பக்கம் திருப்பினார்கள். சுழியோடிகள் எப்போது வருவார்கள் என்று ரேஞ்சர் ரேடியோவில் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது. புஷ்பம் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கெவின் தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். குளிர் இல்லை. அவருக்கு வேறென்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

நான் சிலிப்பரைப் பார்க்கப் போனேன். பார்க்கத்தான் வேண்டுமா என்று கால் கேட்டது. போனேன்.

இரண்டு சோடி. ஒரு புதருக்கு அடியில், உள்ளே தள்ளி வைத்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி, குப்புறக் கவிழ்த்து. கறுத்த அடிப்பக்கம் மேலே. வெள்ளை வார் மண்ணுக்குள்.

தண்ணீரில் இறங்குகிற பிள்ளை சிலிப்பரை அப்படி வைக்காது.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மேடு முழுவதும் உண்ணிச்செடிப் புதர். இடுப்பளவு உயரம், நெருக்கமாக, கீழே ஒரு பிள்ளை நுழைகிற அளவு இடைவெளி. அந்த ஆடியில் நாங்கள் ஒளிந்திருந்த ஏழாம் நம்பர் தேயிலை மலையை இங்கே கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. அந்த மேட்டின் மேல் டோர்ச் வெளிச்சங்கள் அங்குமிங்கும் ஓடின. ஆண் குரல்கள் அவளுடைய பெயரைக் கூப்பிட்டன. அன்பாக.

5

கத்தினேன். என்ன கத்தினேன் என்று பிறகு கெவின்தான் சொன்னார். தேடாதீர்கள், என் மகளைக் கூப்பிடாதீர்கள், விளக்கை அணையுங்கள், போய்விடுங்கள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பிள்ளையைத் தொலைத்த தகப்பன் தேட வேண்டாம் என்று கத்தினால் யாருக்கும் சந்தேகம் வரும். ரேஞ்சர் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். விளக்கை அணைக்க முடியாது, பிள்ளைகள் தண்ணீருக்குள் இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், உட்காருங்கள் என்றார்.

"தண்ணீருக்குள் இல்லை. இங்கே இருக்கிறார்கள். உங்களைப் பார்த்துப் பயந்து இருக்கிறார்கள்."

"என்னைப் பார்த்தா? நான் உதவிக்கல்லவா வந்திருக்கிறேன்?"

அதை எப்படி விளக்குவது? பியதாசவும் அதைத்தான் சொன்னான் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? "எங்கள் ஊரில்," என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. "எங்கள் ஊரில், விளக்கோடு வருகிறவர்கள்..."

ரேஞ்சர் காத்திருந்தார். கெவின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தன் கையிலிருந்த காஸ் விளக்கை உயர்த்தி, திருகி அணைத்தார். "முத்து சொல்கிறபடி செய்வோம்," என்றார். சவரிமுத்து என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார். அவருடைய மனைவி தன் டோர்ச்சை அணைத்தாள். ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ரேஞ்சர், சுழியோடிகள் வரும் வரைக்கும்தான், என்று சொல்லிவிட்டு வாகனத்தின் விளக்கை நிறுத்தினார்.

புஷ்பத்தைத் தூக்கி நிறுத்தினேன். "சிலிப்பர கவுத்து வச்சிருக்கு," என்றேன். "நம்ம மாதிரி."

அவள் என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. நானே ஆரம்பித்தேன். புதர்களுக்கு நடுவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, லயத்துக் குரலில், சத்தமாக.

"ஏ புள்ள, ரொட்டிக்கு மாவு பெசஞ்சியா இல்லியா?"

அவளிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது.

"ஒன்னத்தான் கேக்குறேன். நேத்து ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சு. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல."

"போட்டேன்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "உப்பு போட்டேங்க."

"எங்க போட்ட? ஏரியிலயா?"

"உங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு," என்றாள். அடுத்தது கொஞ்சம் பலமாக வந்தது. "வாய்க்கா வெட்டுன மனுசன். மழை இல்லாத ஊருல வாய்க்கா வெட்டுன மனுசனுக்கு ருசி வேற கேக்குதா?"

"ஒங்கண்ணன் வாங்கிக் குடுத்த மாவு அப்படி."

"எங்கண்ணன இழுக்காதீங்க சொல்லிட்டேன்! எங்கண்ணன் இல்லேன்னா இந்நேரம் எங்க கெடந்திருப்பீங்க? வெங்காயம் வெட்டத் தெரியாத ஆளு! புள்ளைங்களப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தானே தண்ணி எடுக்கப் போனேன்? என்னா பாத்தீங்க? என்னாத்தப் பாத்தீங்க?"

அது நடிப்பாக இல்லை. அவள் என் தோளில் அடித்தாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். அவள் கட்டாயப்படுத்தியதால்தான் வந்தேன், எனக்கு இந்தத் துணிக்குள் படுக்கிற வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்று. எங்களுக்குப் பின்னால் இருட்டில் அத்தனை வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் நின்று எங்கள் குடும்பச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு வலப்பக்கத்தில், மிகக் கிட்டத்தில், பொத்தின வாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு முனகல். பிறகு ஒரு குரல். தமிழில்.

"அம்மா. லைட்டெல்லாம் போயிருச்சா?"

புஷ்பம் அப்படியே நின்றாள். "போயிருச்சுடி தங்கம்."

"எத்தன பேரு?"

"யாருமில்ல. நானும் அப்பாவுந்தான்."

புதர் அசைந்தது. முதலில் ரவி வந்தான். நிர்மலாவின் கை இன்னும் அவன் வாயின் மேல் இருந்தது. அவனுடைய கன்னத்தில் அவளுடைய விரல்களின் தடம் பதிந்திருந்தது. கைகால் முழுக்க முள் கிழித்த கோடுகள். நிர்மலா அழவில்லை. நான் அவளைத் தூக்கியபோது அவளுடைய இதயம் என் விலா எலும்பில் இடித்தது. என்னுடையதா அவளுடையதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த மனிதர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். தட்டிய சத்தத்தில் நிர்மலா என் கழுத்தை இறுக்கினாள்.

ரேஞ்சர் வந்து அவளுக்கு முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்தார். கோபமில்லை. நாங்கள் இவ்வளவு நேரம் கூப்பிட்டோமே, கேட்கவில்லையா என்று கேட்டார்.

நிர்மலா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம், அழகான ஆங்கிலத்தில், தூங்கிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றாள்.

அவர் நம்பினார். அவள் தலையைத் தடவிவிட்டு, சுழியோடிகளை வரவேண்டாம் என்று சொல்லப் போனார்.

6

மறுநாள் காலையிலேயே மூட்டையைக் கட்டிவிடலாம் என்றேன். புஷ்பம் வேண்டாம் என்றாள். "இப்ப ஓடுனோம்னா இது காலம் பூரா ஓடும். இருந்து, சாப்புட்டு, சாயங்காலம் போவோம்."

பறவைகளுக்குப் பின்னால் போய் வழி தவறிவிட்டதாகவும், வெளிச்சங்களைக் கண்டதும் அக்கா தன்னைப் புதருக்குள் இழுத்துக்கொண்டதாகவும் ரவி சொன்னான். வெயில் ஏறிய பிறகு நிர்மலாவைத் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

"நிர்மலா, இங்க அப்படி ஒளிய வேண்டியதில்லம்மா. இங்க யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா சத்தம் குடுக்கணும்."

"யாரு கூப்பிட்டாலுமா?" தமிழில்தான் கேட்டாள்.

"நல்லவங்க கூப்பிட்டா."

"நல்லவங்கன்னு எப்படித் தெரியும்?"

"இப்ப அந்த ரேஞ்சரு இருக்காரு. மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

அவள் ஒரு குச்சியால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "பியதாச மாமா மூஞ்சியும் நமக்குத் தெரியுமேப்பா," என்றாள்.

அவளுக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். டொபி தந்தவனை, அவன் குரலை, அந்தோனி எழுந்து போனதை, எல்லாவற்றையும் அவள் நான்கு வருடமாக ஆங்கிலத்துக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்ததில் அவள் பத்திரமாக வைத்திருந்தது இதை மட்டும்தான். அவளுடைய கேள்விக்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் எழுதுங்கள்.

நான் ஒரு வேலை செய்தேன். பள்ளிக்கூட வாத்தியார், வேறென்ன தெரியும். பழகிப் பார்ப்போம் என்றேன். "நீயும் தம்பியும் அந்த மரத்துக்குப் பின்னால போயி நில்லுங்க. கெவின் மாமா கூப்பிடுவாரு. இருக்கோம்னு சத்தம் குடுத்துட்டு வெளிய வரணும்."

கெவினிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை ஆங்கிலம் வந்தது. முழுவதையும் சொன்னேன். ஒரு மனிதரிடம் இதை முதன்முதலாகச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து கரையில் நின்று, தன் மெல்லிய குரலை முடிந்த அளவு உயர்த்தி, ரவியைக் கூப்பிட்டார். அவன் முதல் எழுத்துக்கே கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கு அது விளையாட்டு. நிர்மலாவைக் கூப்பிட்டார். நிக்கி என்று கூப்பிடவில்லை. முழுப் பெயரையும் சொல்லக் கஷ்டப்பட்டுக் கூப்பிட்டார். மரத்துக்குப் பின்னால் மஞ்சள் சட்டையின் விளிம்பு தெரிந்தது. அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். நேரம் போனது. பிறகு அவள் வெளியே வந்தாள். சத்தம் கொடுக்கவில்லை, ஆனால் வந்தாள்.

நேராக என்னிடம் வந்தாள். "இப்ப நீங்க போங்கப்பா," என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"போயி நில்லுங்க."

போனேன். பெரிய மரம், வெள்ளைப் பட்டை உரிந்து தொங்கியது. அதற்குப் பின்னால் நின்றேன். பட்டப்பகல். இருபதடி தூரத்தில் மனைவியும் பிள்ளைகளும். சொசேஜ் வாட்டுகிற மணம். கெவின் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முத்து என்றார். வாருங்கள் என்றார். நேற்று எனக்காக முதலில் விளக்கை அணைத்த மனிதர்.

நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மறுபடியும் கூப்பிட்டார். அன்பான குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு நிர்மலா கூப்பிட்டாள். அப்பா என்று. அவள் என்னைத் தேடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கரையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்தா இருக்கேன்," என்றேன்.

"கேக்கல," என்றாள். "சத்தமாப்பா."